மண் மாறும், கரை நிற்கும்

டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக், பிற்காலத்தில் மரபணுக்களை விட்டுவிட்டு மூளையின் பக்கம் வந்து சேர்ந்தார். 1984இல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய சிறு குறிப்பு ஒன்று, நினைவை ஆராய்பவர்கள் முன் சங்கடமான கேள்வி ஒன்றை வைத்தது. டிஎன்ஏவைத் தவிர, உடலிலுள்ள மூலக்கூறுகள் ஏறக்குறைய அனைத்தும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ, மிஞ்சிப்போனால் சில மாதங்களிலோ சிதைந்துவிடுகின்றன. அவற்றின் இடத்தில் புதியவை வந்து அமர்கின்றன. மூளையும் இதற்கு விலக்கில்லை. அப்படியென்றால், எண்பது வயதுப் பாட்டி தன் ஐந்தாவது வயதில் ஊருக்குள் புகுந்த வெள்ளத்தை இன்றைக்கும் எப்படி விவரிக்கிறார்? அந்த வெள்ளத்தைப் பதிந்துகொண்ட புரதங்கள் எப்போதோ அழிந்துபோயிருக்குமே!

இந்தக் கேள்வியை நேரடியாகத் தொட முடியாது. நினைவு எங்கே பதிகிறது, எப்படிப் பதிகிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் அது எப்படித் தங்குகிறது என்று கேட்கலாம். அந்த வரிசையிலேயே போவோம்.

இரண்டு செல்களுக்கு நடுவே

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பல ஆயிரம் நியூரான்களோடு தொடர்பு வைத்திருக்கிறது. தொடர்பு என்றாலும் அவை ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ஒன்றின் முனைக்கும் அடுத்ததன் பரப்புக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி உண்டு. இந்தச் சந்திப்புக்குத்தான் சினாப்ஸ் என்று பெயர். நியூரானின் நெடுக ஓடிவரும் மின்துடிப்பு, முனையை அடைந்ததும் ஒரு வேதிப்பொருளை வெளியே விடுகிறது. இடைவெளியைக் கடக்கும் அந்த வேதிப்பொருளை எதிர்ப்பக்கத்திலுள்ள ஏற்பிகள் பிடித்துக்கொள்கின்றன. அங்கே மீண்டும் மின்மாற்றம் நிகழ்கிறது. மூளையின் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான்: மின்சாரம், வேதிப்பொருள், மறுபடி மின்சாரம்.

நினைவு இந்தச் சந்திப்புகளில்தான் இருக்க வேண்டும் என்று முதலில் ஊகித்தவர்களில் முக்கியமானவர் ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ கஹால். நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து நியூரான்களைக் கையால் வரைந்தவர் அவர். வளர்ந்த மனிதரின் மூளையில் நியூரான்கள் பெருகுவதில்லை என்று அவர் கருதினார். ஆனால் வளர்ந்த மனிதரும் புதியவற்றைக் கற்கிறாரே? செல்களின் எண்ணிக்கை கூடாவிட்டால் அவற்றுக்கிடையேயான தொடர்புகள்தான் வலுப்பட வேண்டும். 1894இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையில் அவர் இதைச் சொன்னார். சோதித்துப் பார்க்க அன்றைக்குக் கருவி ஏதும் இல்லை.

அறுபது ஆண்டுகள் கழித்து, ஓர் அறுவை சிகிச்சையின் எதிர்பாராத விளைவு அடுத்த துப்பைத் தந்தது. 1953இல், கடும் வலிப்பு நோயால் அவதிப்பட்ட ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்க இளைஞரின் மூளையில், இருபுறமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது. கூடவே, புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைத்துக்கொள்ளும் திறனும் போய்விட்டது. 2008இல் இறக்கும்வரை அவருக்கு எல்லாச் சந்திப்பும் முதல் சந்திப்புதான். ஆனால் அவருடைய பிள்ளைப் பருவ நினைவுகள் பெரும்பாலும் தப்பியிருந்தன. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டுமே பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். முந்தைய நாள் வரைந்தது ஹென்றிக்குச் சுத்தமாக நினைவில்லை. கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது. புதிய அனுபவத்தை நினைவாக்க ஹிப்போகேம்பஸ் தேவை. பழைய நினைவுகளும் கைப்பழக்கமும் வேறு இடங்களில் இருக்கின்றன. ஹென்றி உலகுக்குக் கற்பித்த பாடம் இது.

நத்தையிடம் கற்ற பாடம்

வியன்னாவில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி 1939இல் அமெரிக்கா வந்த எரிக் கேண்டல், மனநல மருத்துவத்துக்குப் படித்தவர். 1950களின் இறுதியில் அவரும் ஆல்டன் ஸ்பென்சரும் ஹிப்போகேம்பஸ் செல்களின் மின்துடிப்பைப் பதிவு செய்தார்கள். நினைவைக் காக்கும் செல்களிடம் ஏதாவது தனித்தன்மை தெரியும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மற்ற நியூரான்கள் எப்படியோ அப்படித்தான் இவையும். அப்போது கேண்டல் ஒரு முடிவுக்கு வந்தார். ரகசியம் செல்லில் இல்லாவிட்டால் தொடர்பில்தான் இருக்கும். கோடிக்கணக்கான தொடர்புகளுள்ள மூளையில் அதைத் தேட முடியாது. தொடர்புகளை விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு பிராணி வேண்டும்.

அவர் தேர்ந்தெடுத்தது அப்ளைசியா என்னும் கடல் முயல். பெயர்தான் முயல், உண்மையில் ஓடு வெளியே தெரியாத ஒரு கடல் நத்தை. அதன் நரம்பு மண்டலத்தில் சுமார் இருபதாயிரம் நியூரான்கள்தான். அவற்றில் சில ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பெரியவை; வெறும் கண்ணுக்கே தெரியும். ஒரு நத்தையில் பார்த்த அதே நியூரானை அடுத்த நத்தையிலும் அதே இடத்தில் காணலாம். நத்தையை வைத்து மனித நினைவை ஆராய்வதா என்று சக ஆய்வாளர்கள் தயங்கினார்கள். கேண்டல் கேட்கவில்லை.

அப்ளைசியாவின் செவுளுக்கு அருகிலுள்ள குழாய் போன்ற உறுப்பை லேசாகத் தொட்டால் அது செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். வாலில் ஒரு மின்னதிர்ச்சி கொடுத்துவிட்டுத் தொட்டால், முன்னைவிட வேகமாக, நீண்ட நேரம் இழுத்துக்கொள்ளும். ஆபத்து ஒன்று நேர்ந்ததை அது நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். ஒரே ஓர் அதிர்ச்சி என்றால் இந்த எச்சரிக்கை சில நிமிடங்களில் தேய்ந்துவிடும். இடைவெளி விட்டு நான்கைந்து அதிர்ச்சிகள் கொடுத்தால் நாட்கணக்கில் நீடிக்கும். குறுகிய கால நினைவு, நீண்ட கால நினைவு என நாம் பிரித்துப் பேசும் இரண்டும் ஒரு நத்தையிடமே இருந்தன.

செவுளை இழுக்கும் இந்தச் செயலின் பின்னால் சுமார் 24 உணர்வு நியூரான்களும் 6 இயக்க நியூரான்களும் இருந்தன. அவற்றில் கருவியைச் செருகி ஒவ்வொரு படியாகப் பார்த்தார்கள். வாலில் அதிர்ச்சி படும்போது இடை நியூரான்கள் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அது உணர்வு நியூரானின் முனையில் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறின் அளவைக் கூட்டுகிறது. அது புரோட்டீன் கைனேஸ் ஏ என்னும் நொதியை விழிக்கச் செய்கிறது. அந்த நொதி பாஸ்பேட்டை ஒட்டி, பொட்டாசியம் வெளியேறும் சில வழிகளை அடைக்கிறது. விளைவாக, அடுத்த மின்துடிப்பு வரும்போது அது சற்றுக் கூடுதல் நேரம் நீடிக்கிறது. கால்சியம் அதிகம் நுழைகிறது. சினாப்ஸைக் கடக்கும் வேதிப்பொருளான குளூட்டமேட் அதிகம் வெளியேறுகிறது. தொடுதல் அதேதான், பதில் மட்டும் பெரிது. இதில் புதிதாக எதுவும் உருவாகவில்லை. ஏற்கெனவே இருக்கும் புரதங்களில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டது, அவ்வளவே. பாஸ்பேட் கழன்றதும் நினைவும் போய்விடும்.

செல்லின் கருவுக்குப் போகும் சேதி

நாட்கணக்கில் நிற்கும் நினைவுக்கு இது போதாது என்று வேறொரு பிராணி முன்பே காட்டியிருந்தது. 1960களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் அக்ரனாஃப் தங்கமீன்களுக்கு ஒரு பாடம் கற்பித்தார்: விளக்கு எரிந்தால் தொட்டியின் மறுபக்கம் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் மின்னதிர்ச்சி. பாடம் முடிந்த கையோடு, புதிய புரதங்கள் உருவாவதைத் தடுக்கும் மருந்தை மூளையில் செலுத்தினால், சில நாட்கள் கழித்து மீன் பாடத்தை மறந்திருந்தது. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் கழித்துச் செலுத்தினால் நினைவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, நீண்ட கால நினைவுக்குப் புதிய புரதங்கள் வேண்டும். அதுவும் கற்ற சில நிமிடங்களுக்குள் அந்தத் தயாரிப்பு தொடங்கிவிட வேண்டும்.

கேண்டலின் குழு இதை இன்னும் சுருக்கியது. அப்ளைசியாவின் ஓர் உணர்வு நியூரானையும் ஓர் இயக்க நியூரானையும் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்தார்கள். அவை தாமாகவே சினாப்ஸ் அமைத்துக்கொண்டன. ஒரு முறை செரட்டோனின் விட்டால் தொடர்பு சில நிமிடங்கள் வலுப்பெற்றது. இடைவெளி விட்டு ஐந்து முறை விட்டால் ஒரு நாளுக்கு மேல் வலுவாகவே நின்றது. புரதத் தயாரிப்பை நிறுத்தும் மருந்து இரண்டாவதை மட்டும் தடுத்தது. இரண்டே செல்கள் கொண்ட ஒரு கிண்ணத்துக்குள் நினைவின் இரு வகைகளும் பிரிந்து தெரிந்தன.

திரும்பத் திரும்ப வரும் சேதி, கைனேஸை முனையிலிருந்து செல்லின் உட்கருவுக்குப் போகச் செய்கிறது. அங்கே 'கிரெப்' என்ற புரதம் காத்திருக்கிறது. தேவையான மரபணுக்களை இயங்கச் செய்வது அதன் வேலை. அதைத் தடுத்து வைக்க இன்னொரு வகைக் கிரெப்பும் உண்டு. சேதி வலுவாகவும் திரும்பத் திரும்பவும் வந்தால்தான் தடை விலகும். கண்ணில் பட்டதெல்லாம் காலத்துக்கும் தங்கிவிடாமல் இருப்பதற்கு இந்தத் தடையும் ஒரு காரணம்.

மரபணுக்கள் இயங்கினால் செல்லின் உருவமே மாறுகிறது. கிரெய்க் பெய்லியும் மேரி சென்னும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் முனைகளை எண்ணினார்கள். பயிற்சி பெறாத நத்தையில் ஓர் உணர்வு நியூரானுக்கு ஏறக்குறைய 1,300 முனைகள். நீண்ட காலப் பயிற்சி பெற்றதில் அதைப்போல் இரு மடங்கு. நாட்கள் போகப் போக நினைவு மங்கியபோது முனைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. கஹால் ஊகித்ததை ஒரு நூற்றாண்டு கழித்து எண்ணியே காட்டிவிட்டார்கள். கேண்டலுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஒரு நியூரானுக்கு ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள். உட்கருவோ ஒன்றே ஒன்று. அங்கே தயாராகும் சரக்கு எல்லா முனைகளுக்கும் போனால் எல்லாமே வலுப்பட்டு, எந்த நினைவும் தனித்து நிற்காதே? 1997இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே விடையைக் கண்டன. நத்தையின் நியூரானில் கெல்சி மார்ட்டினும் கேண்டல் குழுவினரும், எலி மூளையில் உவே ஃப்ரையும் ரிச்சர்ட் மாரிஸும். தூண்டப்பட்ட சினாப்ஸ் தன்மேல் தற்காலிகமாக ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்கிறது. வந்து சேரும் புரதங்களை அந்த அடையாளம் உள்ள சினாப்ஸ் மட்டுமே எடுத்துப் பயன்படுத்துகிறது.

முயலின் ஹிப்போகேம்பஸில்

நத்தைக்குப் பொருந்துவது பாலூட்டிகளுக்குப் பொருந்துமா? 1966இல் ஆஸ்லோ நகரில் டெர்யெ லோமோ, மயக்கத்திலிருந்த முயலின் ஹிப்போகேம்பஸுக்குப் போகும் நரம்பிழைகளை வேகமாகத் தூண்டிப் பார்த்தார். பின்னர் டிம் பிளிஸ் அவரோடு சேர்ந்தார். சில விநாடிகளே நீடித்த அந்தத் துரிதத் தூண்டலுக்குப் பிறகு, ஒற்றைத் துடிப்புக்குக் கிடைத்த பதில் பெரிதாகி, மணிக்கணக்கில் பெரிதாகவே இருந்தது. 1973இல் இருவரும் இதை வெளியிட்டார்கள். நீண்ட கால வலுவூட்டம் என்று இன்று அழைக்கப்படும் இது, நினைவு ஆய்வின் மையத்துக்கு வந்துவிட்டது.

அதன் இயங்குமுறையில் நாயகன் என்எம்டிஏ ஏற்பி. குளூட்டமேட் வந்து ஒட்டினால் மட்டும் இது திறப்பதில்லை. சாதாரண நேரத்தில் இதன் நடுவே ஒரு மெக்னீசிய அயனி அடைத்துக்கொண்டிருக்கும். பெறுகிற நியூரானும் அதே நேரத்தில் மின்கிளர்ச்சியுற்றிருந்தால்தான் மெக்னீசியம் விலகும். அனுப்புபவர், பெறுபவர் இருவரும் ஒரே சமயத்தில் செயல்பட்டால் மட்டுமே இது திறக்கிறது. இரண்டு செல்கள் சேர்ந்து இயங்கினால் அவற்றின் தொடர்பு வலுப்படும் என்று கனடாவின் டொனால்ட் ஹெப் 1949இல் கருத்தளவில் எழுதியிருந்தார். அந்த விதியை அப்படியே நிறைவேற்றும் மூலக்கூறு இது. பெயரும் முகமும், மணமும் இடமும் ஒன்றோடொன்று கோக்கப்படுவது இப்படித்தான்.

ஏற்பி திறந்ததும் கால்சியம் நுழைகிறது. அது காம்கைனேஸ்-2 என்ற நொதியை இயக்குகிறது. அதைத் தொடர்ந்து ஆம்பா என்னும் வேறு வகைக் குளூட்டமேட் ஏற்பிகள் அதிக எண்ணிக்கையில் சினாப்ஸுக்குக் கொண்டுவரப்படுகின்றன. பெறுகிற பக்கத்தில் மொட்டுப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்முள் சில நிமிடங்களில் பருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல், ஒற்றை நுண்முள்ளின் மேல் குளூட்டமேட்டை விடுவித்து அது பருப்பதை நேரில் பார்த்தார்கள். கால்சியம் மெதுவாக, குறைவாக நுழைந்தால் எதிர்மாறாக ஏற்பிகள் அகற்றப்பட்டுத் தொடர்பு பலவீனமாகிறது. அதுவும் கற்றலுக்குத் தேவையே. எல்லாம் வலுத்துக்கொண்டே போனால் மூளையில் இரைச்சல்தான் மிஞ்சும்.

இதற்கும் உண்மையான கற்றலுக்கும் தொடர்புண்டா என்று மாரிஸ் சோதித்தார். பால் கலந்து கலங்கலாக்கிய நீர்த்தொட்டியில், நீருக்குள் மறைந்திருக்கும் மேடையை எலிகள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சாதாரண எலிகள் சில முறை நீந்தியதும் இடத்தைக் கற்றுக்கொண்டன. என்எம்டிஏ ஏற்பியை மருந்தால் தடுத்த எலிகள் கற்பதில் மிகவும் பின்தங்கின. 1986இல் வெளியான முடிவு இது.

ஒளி எழுப்பிய அச்சம்

ஒரு குறிப்பிட்ட நினைவுக்கு உரிய செல்களை அடையாளம் காண முடியுமா? 2012இல் அமெரிக்காவின் எம்ஐடியில் சுசுமு தொனெகவாவின் குழு அதையும் செய்தது. சுண்டெலி ஒரு கூண்டில் மின்னதிர்ச்சியை அனுபவித்தபோது ஹிப்போகேம்பஸில் செயல்பட்ட நியூரான்களை மட்டும், நீல ஒளிக்கு இயங்கும்படி மரபணு முறையில் மாற்றினார்கள். பிறகு வேறொரு பாதுகாப்பான கூண்டில் விட்டு, இழை வழியே நீல ஒளியைச் செலுத்தியதும் எலி அச்சத்தில் உறைந்து நின்றது. அடுத்த ஆண்டு, எலிக்கு ஒருபோதும் அதிர்ச்சி தராத இடத்தைப் பற்றிய பொய்யான அச்சத்தையும் அதே முறையில் உருவாக்கிக் காட்டினார்கள்.

2015இல் அதே குழு கண்டது இன்னும் வியப்பானது. பயிற்சி முடிந்ததும் புரதத் தயாரிப்பைத் தடுத்தால், எலி இயல்பாக அதை நினைவுகூரவில்லை; அந்தச் செல்களின் சினாப்ஸ்கள் வலுப்படவும் இல்லை. ஆனால் ஒளியால் அதே செல்களைத் தூண்டினால் அச்சம் திரும்பியது. எந்தச் செல் எந்தச் செல்லோடு இணைகிறது என்ற அமைப்பில் நினைவு தங்கியிருக்கிறது, சினாப்ஸின் வலிமை அதை எட்டிப் பிடிக்க உதவுகிறது என்பது அந்தக் குழுவின் விளக்கம். இன்றும் விவாதம் முடியவில்லை.

கிரிக்கின் கேள்விக்கு

இப்போது தொடங்கிய இடத்துக்கு வரலாம். ஏற்பிகள், நொதிகள், நுண்முட்கள் எல்லாம் புரதங்களே. அவை அழியும். நினைவு எப்படி நிற்கிறது?

நம் ஊர் ஏரிக்கரையை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக நிற்கும் கரையில் முதல்நாள் கொட்டிய மண் எவ்வளவு இருக்கும்? மழைக்கு மழை கரைகிறது. ஊரார் குடிமராமத்தாகக் கூடி, கரைந்த இடத்தில் புதுமண் போட்டு இறுக்குகிறார்கள். மண் மாறிக்கொண்டே இருக்கிறது, கரையின் வடிவம் மட்டும் தலைமுறைகளைத் தாண்டுகிறது. ஒரே நிபந்தனை: எந்த இடத்தில் எவ்வளவு போட வேண்டும் என்பதை நிற்கிற கரையே காட்ட வேண்டும்.

கிரிக் தன் குறிப்பிலேயே இத்தகைய விடையை முன்மொழிந்திருந்தார். மூலக்கூறுகள் ஒரு கூட்டமாக இருந்து, ஒவ்வொன்றாக மாற்றப்பட்டாலும் கூட்டத்தின் நிலை மாறாதபடி ஒன்றையொன்று பாதிக்க வேண்டும். 1985இல் ஜான் லிஸ்மன் இன்னும் தெளிவாகச் சொன்னார்: தன் அண்டை மூலக்கூறின்மேல் பாஸ்பேட்டை ஒட்டக்கூடிய கைனேஸ் இருந்தால், புதிதாக வரும் மூலக்கூறை ஏற்கெனவே இருப்பவை தம் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். காம்கைனேஸ்-2 பன்னிரண்டு உறுப்புகள் கொண்ட வளையமைப்பு; அதன் உறுப்புகள் ஒன்றின்மேல் ஒன்று பாஸ்பேட் ஒட்டக்கூடியவை.

வேறு வழிகளும் தெரியவந்தன. கேண்டலின் கூடத்தில் பணியாற்றிய, இந்தியாவில் பிறந்த கௌசிக் சி, 2003இல் அப்ளைசியாவின் நியூரானில் ஒரு விசித்திரப் புரதத்தைக் கண்டார். வடிவம் மாறியதும் தன்னைப் போன்ற மற்றவற்றையும் அதே வடிவத்துக்கு மாற்றி, தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொள்ளும் தன்மை அதற்கு இருந்தது. பைத்தியப் பசு நோய் போன்றவற்றுக்குக் காரணமான பிரியான்களுக்கு உரிய குணம் அது. இங்கே அது சினாப்ஸில் புரதத் தயாரிப்பைத் தொடரச் செய்யப் பயன்படுகிறது.

நியூயார்க்கின் டாட் சாக்டர், பிகேஎம்-சீட்டா என்ற கைனேஸைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். 2006இல் அவர் குழு, அதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தி, எலிகளிடம் ஏற்கெனவே உறுதிப்பட்டிருந்த நினைவை அழித்தது. 2013இல் அந்த நொதியே இல்லாமல் பிறந்த எலிகளும் நன்றாகவே நினைவு வைத்திருப்பதாக வேறு இரு குழுக்கள் காட்ட, கொள்கை ஆட்டம் கண்டது. அந்த எலிகளில் நெருங்கிய உறவுள்ள இன்னொரு நொதி அதன் வேலையை ஏற்றுக்கொள்கிறது என்பது பின்னர் தெரிந்தது. 2024இல் அடுத்த துண்டு கிடைத்தது. கிப்ரா என்னும் புரதம், தூண்டப்பட்ட சினாப்ஸில் இருந்துகொண்டு பிகேஎம்-சீட்டாவைப் பிடித்து வைக்கிறது. இந்த ஜோடியைப் பிரித்தால் பழைய நினைவும் அழிகிறது. தனித்தனி மூலக்கூறுகள் மாறினாலும் ஜோடி தொடர்கிறது.

இடைவிடாமல் பராமரிக்கப்படும் ஒன்று மாறவும் கூடும். 2000இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாதர், ஒலிக்கு அஞ்சப் பழகிய எலிகளுக்கு அந்த ஒலியை மறுபடி கேட்கச் செய்து, உடனே அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் புரதத் தயாரிப்பைத் தடுத்தார். உறுதிப்பட்டதாகக் கருதப்பட்ட அந்த அச்சம் மறைந்தது. ஒலியைக் கேட்கச் செய்யாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. நினைவுகூரும்போது நினைவு தற்காலிகமாகக் குலைந்து, மீண்டும் கட்டப்பட வேண்டியதாகிறது. நேரில் பார்த்ததைச் சத்தியம் செய்து சொல்லும் சாட்சியும் தவறக்கூடும் என்பதை நீதிமன்றங்கள் மனத்தில் கொள்ள இதுவும் ஒரு காரணம்.

படிக்கிறவர்களுக்கு

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நன்கு நிற்கிறது என்று 1885இலேயே எழுதிவிட்டார். 1994இல் பழ ஈக்களிடம் டிம் டல்லியின் குழு அதையே கண்டது. ஒரு மணத்துக்கும் மின்னதிர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பத்து முறை தொடர்ந்து கற்பித்தால் சில நாட்களில் மறந்தன. அதே பத்துப் பயிற்சியைக் கால் மணி நேர இடைவெளிகளோடு தந்தால் ஒரு வாரம் நினைவிருந்தது. காரணம் இப்போது தெரியும்: தடைக் கிரெப் விலகவும், மரபணு இயங்கவும், புரதம் முனைக்குப் போய்ச் சேரவும் நேரம் வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்கக் கண்விழித்துப் பாடத்தைத் திணிக்கும் மாணவர், இந்த வேலைகளுக்கு அவகாசமே தருவதில்லை. எனவே ஒரு பாடத்தை இன்று ஒரு மணி நேரம், நாளை மறுநாள் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் ஒரு மணி நேரம் என்று பிரித்துப் படியுங்கள். ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, படித்ததைச் சொல்லிப் பாருங்கள். இந்த அத்தியாயத்தையும் அப்படியே ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.